பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைச் சரிசெய்தல்

2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குப் பின் இந்தியாவில் விற்கப்படும் புதிய மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ அனைத்திலும், பெட்ரோலை மின்னணுக் கருவி அளந்து பீய்ச்சும் முறையே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் தருமபுரி மாவட்டத்தின் மொரப்பூர், கம்பைநல்லூர், கடத்தூர், அரூர் வட்டாரச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளுக்குக் கார்புரேட்டரே உயிர்நாடி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வண்டியானாலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த ஓசூரில் 1980களில் உருவான இண்டு-சுசுகி ஆனாலும், அவற்றின் கார்புரேட்டரைச் சரிசெய்யும் முறை அடிப்படையில் ஒன்றே. புதிய தலைமுறை மெக்கானிக்குகள் இக்கருவியில் கைவைக்கும் வாய்ப்பு குறைந்துவருவதால், உரிமையாளர் தாமே இதைக் கற்றுக்கொள்வது விருப்பம் என்ற நிலையைக் கடந்து தேவையாகிவிட்டது.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது வரிசையை. கெட்டுப்போன கார்புரேட்டர்களைவிட, வரிசை தவறித் திருகப்பட்ட கார்புரேட்டர்களே எண்ணிக்கையில் மிகுதி. தீப்பொறியில் இருக்கும் குறையைப் பெட்ரோல் திருகால் தீர்க்க முயல்வதும், ஒரே நேரத்தில் மூன்று திருகுகளைத் தொட்டுவிட்டு எது பயன் தந்தது என்று தெரியாமல் நிற்பதும் அன்றாடம் நடப்பவை.

தேவையான அளவுக்கு மட்டும் கோட்பாடு

எஞ்சின் உறிஞ்சும் காற்று, கார்புரேட்டரின் நடுவே குறுகும் வழியில் விரைந்து பாயும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவால் கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. பெட்ரோல் மிகுந்த கலவையைப் பட்டறைகளில் ‘ரிச்’ என்றும், காற்று மிகுந்ததை ‘லீன்’ என்றும் சொல்வர். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சினுக்கு நல்ல இழுவை கிடைப்பது அதைவிடச் சற்று ரிச்சான கலவையில்.

ஒரே கார்புரேட்டருக்குள் நான்கு தனித்தனி வழிகள் வேலை செய்கின்றன என்பதே நினைவில் நிறுத்த வேண்டிய முதன்மைச் செய்தி. ஆக்சிலேட்டர் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை, பைலட் ஜெட் எனப்படும் சிறு துளைப் பித்தளைத் திருகும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. எட்டில் ஒன்றிலிருந்து கால் பங்குவரை, கேபிள் மேலே இழுக்கும் உருளையான ஸ்லைடின் அடிவிளிம்பில் உள்ள சாய்வு வெட்டு தீர்மானிக்கிறது. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் கூம்பு ஊசியான நீடிலின் பொறுப்பு. முக்காலுக்கு மேல் முழுத் திறப்பு வரை மெயின் ஜெட். எனவே வண்டி எந்த வேகத்தில் தடுமாறுகிறது என்ற கேள்வியைவிட, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது தடுமாறுகிறது என்ற கேள்வியே பயனுள்ளது.

பாதுகாப்பு: தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையை ஒட்டிப் பரவி, சற்றுத் தொலைவில் உள்ள அடுப்பையோ மின் சுவிட்சின் பொறியையோ எட்டக்கூடியது. ஆகவே சமையலறையை ஒட்டிய திண்ணையும் கதவடைத்த அறையும் இப்பணிக்கு ஆகா. காற்றோட்டமான நிழலே ஏற்றது. பின்வருவனவற்றில் எதையும் விட்டுவிடலாகாது.

1. எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னரே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். சூடான சைலன்சர் மீதோ சிலிண்டர் மீதோ சிந்தும் பெட்ரோல் உடனே ஆவியாகி, ஒரு சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும்.
2. கைக்கெட்டும் தொலைவில் உலர்பொடித் தீயணைப்பானோ ஒரு வாளி உலர்ந்த மணலோ இருக்க வேண்டும். பெட்ரோல் தீயின் மீது தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.
3. பேட்டரி உள்ள வண்டியில் அதன் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும்.
4. குழாயில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். நுரையீரலுக்குள் சிறிதளவு இறங்கினாலும் அது உயிருக்கே ஆபத்தானது.
5. எஞ்சினை ஓடவிட்டுச் சரிபார்க்கும் பணி திறந்த வெளியில் மட்டுமே நடக்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கருவிகள்

சரியான அகலமுள்ள தட்டைத் திருப்புளிகள் இரண்டு, நல்ல ஸ்டார் திருப்புளி ஒன்று, ஸ்பேனர் தொகுப்பு, பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், வெள்ளைத் துணி, பழைய எவர்சில்வர் தட்டு ஆகியவை போதும். ஜெட்டின் தலைப் பிளவைவிடக் குறுகிய திருப்புளியைப் பயன்படுத்தினால் மென்மையான பித்தளை உடனே சிதைந்துவிடும். அழுத்தக் காற்றுக்குப் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் உதவும். ரப்பர் வளையம், கேஸ்கெட், ஃப்ளோட் பின் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மொரப்பூர் சென்னை–சேலம் ரயில் பாதையில் இருப்பதால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடி வாங்கி வருவது பெரும் சிரமமில்லை. ஆனால் எண் பொறிக்கப்படாத மலிவு ஜெட்டுகளை வாங்கலாகாது. துளையின் அளவு தெரியாத ஜெட்டை வைத்துக்கொண்டு எந்தச் சரிசெய்தலும் இயலாது.

கார்புரேட்டரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

இப்பகுதியைத் தாவிச் செல்வதே மிகப் பரவலான தவறு. கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் பலவற்றின் குறை கீழ்க்காணும் இடங்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

1. பிளக். கழற்றித் துடைத்து, இடைவெளியை அளக்க வேண்டும். பிளாட்டினம் பாயின்ட் உள்ள பழைய புல்லட்டுக்கு 0.45 முதல் 0.50 மி.மீ. பொருந்தும். ஐயமிருந்தால் புதிய பிளக்கே போட்டுவிடலாம்.
2. பிளாட்டினம் பாயின்ட். தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இந்த இரு முனைகள் முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். முனைகள் கருகியிருந்தால், அதிக ஆக்சிலேட்டரில் வரும் மிஸ்ஸிங் மெயின் ஜெட் குறையைப் போலவே தோன்றி ஏமாற்றும்.
3. டேப்பெட். பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அமுக்க வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ் ராடு விரலால் எளிதில் சுழலவும் மேலும் கீழும் ஆடாமலும் இருக்குமாறு வைக்க வேண்டும்.
4. ஏர் ஃபில்டர். செம்மண் தூசி அடர்ந்த உள்சாலைகளில் ஓடும் வண்டியின் ஃபில்டர் விரைவில் அடைபட்டு, கலவையை ரிச்சாக்கிவிடும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சரிசெய்வது பயனற்ற வேலை. அதைத் திரும்ப மாட்டியவுடன் கலவை மாறிவிடும்.
5. காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இணைப்பில் விரிசல் இருந்தால் அளவிடப்படாத காற்று நுழையும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, இணைப்பைச் சுற்றித் தூரிகையால் சிறிது எஞ்சின் ஆயில் தடவினால், ஓட்டத்தில் மாற்றம் தெரியும் இடமே கசியும் இடம்.
6. பெட்ரோல் வரத்து. குழாயைக் கழற்றி, டேங்கின் பெட்ரோல் காக்கைத் திறந்து, புட்டியில் தடையில்லாமல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியபின் நின்று, டேங்க் மூடியைத் திறந்தவுடன் மீண்டும் ஓடும் வண்டியில் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.
7. ஆக்சிலேட்டர் கேபிள். கைப்பிடியில் சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது எஞ்சின் ஓட்டம் மாறலாகாது.

கழற்றிச் சுத்தம் செய்தல்

1. பெட்ரோல் காக்கை மூடி, குழாயைக் கழற்றி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை ஒரு புட்டியில் வடிக்க வேண்டும். அடியில் நீர்த்துளியோ துருவோ தென்பட்டால் டேங்கையும் கழுவியாக வேண்டும். டேங்கில் துரு இருக்கும்வரை கார்புரேட்டர் சுத்தம் ஒரு வாரம்கூடத் தாங்காது.
2. மேல் மூடியைத் திருகி, ஸ்லைடையும் நீடிலையும் கேபிளோடு வெளியே எடுத்து, தூசி படாமல் துணியில் சுற்றித் தொங்கவிட வேண்டும்.
3. இணைப்பு நட்டுகளைத் தளர்த்திக் கார்புரேட்டரை எடுத்து, எஞ்சின் பக்க வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும்.
4. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று மெதுவாகத் திருகி எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். முட்டிய பின் இறுக்கினால் அதன் கூர்முனையும் துளையும் ஒருசேரக் கெடும்.
5. கிண்ணத்தைத் திறந்து, பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் அச்சு ஊசியை உருவி, ஃப்ளோட்டையும் அதன் பின்னையும் எடுக்க வேண்டும்.
6. மெயின் ஜெட், பைலட் ஜெட் ஆகியவற்றைக் கழற்றி, பொறித்துள்ள எண்களை எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்க வேண்டும்.
7. உலோகப் பாகங்களைக் கார்புரேட்டர் கிளீனரிலோ புதிய பெட்ரோலிலோ ஊறவைத்து, ஒவ்வொரு துளையிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தி, மறுபுறம் காற்று வருவதை உறுதிசெய்ய வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தேவை.
8. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும்போது, துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

எச்சரிக்கை: ஜெட் துளையில் கம்பியையோ ஊசியையோ நுழைக்கலாகாது. ஜெட்டின் எண்ணே அதன் துளை எவ்வளவு பெட்ரோலை விடும் என்பதைக் குறிப்பது. பித்தளையைக் கீறி ஒரு நூலிழை பெரிதாக்கினாலும் அந்த எண் பொய்யாகிவிடும். அடைப்பு விடாப்பிடியாக இருந்தால் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும்.

ஃப்ளோட் பின்னின் கூம்பு முனையை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். வளையம் போலத் தேய்மானம் தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டும். ஓவர்ஃப்ளோவுக்கு அதுவே முதற்காரணம். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டும்போது உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை. இந்திய வண்டிகளில் பரவலாகக் காணப்படும் மிக்கார்ப் வகைகள் பெரும்பாலானவற்றில், கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடிக்கும்போது ஃப்ளோட்டின் கை கேஸ்கெட் பரப்புக்கு இணையாக நிற்க வேண்டும். பின்னை அழுத்தும் சிறு நாக்கை மயிரிழை அளவு வளைத்தாலே மட்டம் மாறும் என்பதால் இங்கு அவசரம் கூடாது. மட்டம் உயர்ந்தால் எல்லா நிலைகளிலும் ரிச், தாழ்ந்தால் எல்லா நிலைகளிலும் லீன். மட்டம் சரியாகாமல் ஜெட் மாற்றுவது வீண்.

திரும்பப் பூட்டும்போது நேரும் பெருந்தவறு ஸ்லைடைத் திருப்பிப் போடுவது. ஸ்லைடின் சாய்வு வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் நோக்க வேண்டும்; அதன் பக்கவாட்டுப் பள்ளம் உள்ளிருக்கும் சிறு முளையில் பொருந்தியபின் தடையின்றி இறங்கி, விட்டவுடன் ‘டக்’ என்ற ஓசையோடு அடியில் அமர வேண்டும். அவ்வாறு அமராத வண்டியைக் கிளப்பினால் முதல் உதையிலேயே எஞ்சின் கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். பூட்டி முடித்தபின் காக்கைத் திறந்து பத்து நிமிடம் காத்திருந்து, எங்கும் கசிவில்லை என்று கண்ட பின்னரே கிக்கரை உதைக்க வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

முதலில் வண்டி ஓடுமளவுக்கு ஐட்லிங், அடுத்து மெயின் ஜெட், அடுத்து நீடில், இறுதியாக மீண்டும் ஐட்லிங் என்பதே வரிசை. அமல் நிறுவனக் கார்புரேட்டர்களுக்கு வகுக்கப்பட்ட மரபான முறையும் மெயின் ஜெட்டில் தொடங்கிப் பைலட்டில் முடிவதுதான். மேல்நிலையில் உள்ள வழியின் பாதிப்பு கீழ்நிலைகளிலும் கசிவதால், மேலிருந்து கீழாக வந்தால் ஒருமுறை சரிசெய்தது பின்னர் கெடுவதில்லை.

*முதற்கட்டம்: தற்காலிக ஐட்லிங்*

1. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும்.
2. சோக் போட்டுக் கிளப்பி, எஞ்சின் வெப்பமடைந்தபின் சோக்கை எடுத்துவிட வேண்டும்.
3. ஸ்லைடைத் தூக்கி நிறுத்தும் ஐட்லிங் ஸ்க்ரூவால், எஞ்சின் நின்றுவிடாத அளவுக்கு வேகத்தை வைக்க வேண்டும்.

*இரண்டாம் கட்டம்: மெயின் ஜெட்*

ஆக்சிலேட்டர் கைப்பிடியிலும் அதன் அருகே அசையாத பகுதியிலும் காகித டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை ஆகியவற்றைப் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். இச்சிறு வேலையைச் செய்யாதவர் தாம் அரை ஆக்சிலேட்டரில் ஓட்டுவதாக நினைத்துக் கால் பங்கிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்.

1. போக்குவரத்து குறைந்த, நேரான, சற்றே ஏற்றமான சாலையை விடிகாலையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அரூர் சாலையில் கரும்பு அரவைப் பருவத்தில் கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் டிராக்டர்கள் மிகுதி என்பதால் அக்காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஹெல்மெட்டும் பின்னால் வாகனமில்லை என்ற உறுதியும் இல்லாமல் இச்சோதனை கூடாது.
2. வேகம் கட்டுக்குள் இருக்கும்படி மூன்றாம் கியரில், முழு ஆக்சிலேட்டரில் சில நூறு மீட்டர் ஓட்ட வேண்டும்.
3. ஆக்சிலேட்டரை முழுமையிலிருந்து முக்காலுக்குக் குறைக்கும்போது வண்டி மேலும் நன்றாக இழுத்தால், மெயின் ஜெட் சிறிது; முழுத் திறப்பில் எஞ்சின் கனத்து, விட்டுவிட்டு முழங்கிக் கரும்புகை வந்தால், ஜெட் பெரிது.
4. ஜெட்டை ஒரு நேரத்தில் ஓர் அளவு மட்டுமே மாற்றி, மீண்டும் அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஜெட்டுகளில் எது சரி என்ற ஐயம் எழுந்தால் பெரியதையே வைத்துக்கொள்வது எஞ்சினுக்குப் பாதுகாப்பு.

*மூன்றாம் கட்டம்: நீடில்*

நீடிலின் தலையில் உள்ள பள்ளங்களில் ஒன்றில் சிறு கிளிப் மாட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஐந்து பள்ளங்கள், நடுவில் உள்ளதே தொடக்க நிலை. கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் உயர்ந்து கலவை ரிச்சாகும். மேல் பள்ளத்துக்கு மாற்றினால் லீனாகும். இதைத் தலைகீழாக நினைவில் வைத்துக்கொள்பவர் பலர் என்பதால், எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. அரை ஆக்சிலேட்டரில் சீராக ஓட்டும்போது எஞ்சின் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால், அல்லது ஏற்றத்தில் ‘கிண்கிண்’ என்ற தட்டொலி எழுந்தால் லீன். மந்தமாக, அடைத்த குரலில் ஓடினால் ரிச். ஒரு பள்ளம் மாற்றி ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்தது.

ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து தேய்ந்த நீடிலும், அது நுழையும் நீடில் ஜெட்டும், எத்தனை பள்ளம் மாற்றினாலும் ரிச்சாகவே இருக்கும். மைலேஜ் மெல்ல மெல்லக் குறைந்துவந்த வண்டியில் இவ்விரண்டையும் இணையாக மாற்றுவதே தீர்வு.

*நான்காம் கட்டம்: இறுதி ஐட்லிங்*

1. வண்டியைக் குறைந்தது 5 கி.மீ. ஓட்டி, எஞ்சினை நன்கு வெப்பமாக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் வைத்த ஐட்லிங் வெப்பமானதும் மாறிவிடும்.
2. ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும்.
3. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகிச் சில விநாடிகள் காத்திருந்து கேட்க வேண்டும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் அமைந்திருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். எஞ்சின் பக்கம் அமைந்திருந்தால் அது கலவையை அளப்பது. பலன் இதற்கு நேர்மாறு.
4. எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டு அங்கேயே நிறுத்த வேண்டும்.
5. உயர்ந்த வேகத்தை ஐட்லிங் ஸ்க்ரூவால் குறைத்து, 3, 4 படிகளை மறுபடியும் செய்ய வேண்டும்.
6. ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறந்து பார்க்க வேண்டும். தயங்கி அணையப் பார்த்தால், காற்றை அளக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகலாம்.

ஏர் ஸ்க்ரூ அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திறந்த நிலையில்தான் எஞ்சின் சீராகிறது என்றால் பைலட் ஜெட் சிறிது அல்லது அடைபட்டது. மூன்று சுற்று எடுத்தும் சீராகவில்லை என்றால் பைலட் ஜெட் பெரிது. இந்த எல்லைகள் ஜெட்டை மாற்றச் சொல்லும் அறிகுறிகள்.

புல்லட் உரிமையாளர்களிடம் ஒரு தனி வேண்டுகோள் வைக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு முழக்கமும் தனித்தனியே எண்ணக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஐட்லிங்கை மிகவும் தாழ்த்தி வைப்பது அழகாகக் கேட்கலாம்; ஆனால் ஆயில் பம்ப் எஞ்சின் வேகத்தோடு இணைந்தே சுழல்வதால், அத்தகைய ஓட்டத்தில் கனெக்டிங் ராடின் பெரிய முனைக்குப் போதிய ஆயில் சேர்வதில்லை. நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று என்பதே எஞ்சினின் ஆயுளுக்கு ஏற்றது.

பிளக்கைப் படித்தல்

கலவை எவ்வாறு எரிகிறது என்பதற்குப் பிளக்கே சாட்சி. சோதிக்க வேண்டிய ஆக்சிலேட்டர் நிலையில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தி, வண்டியை ஓரமாக உருளவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் ஓடி வீடு வந்து சேர்ந்தபின் பார்க்கும் பிளக், ஐட்லிங்கைப் பற்றி மட்டுமே பேசும்.

நடுவில் உள்ள வெண்பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் ரிச். வெண்சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரத்தில் உலோகம் நீலம் பாய்ந்திருந்தால் லீன். கருப்பாகவும் ஈரமாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால், நான்கு வீச்சு எஞ்சினில் அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியே ஆயில் ஏறுவதைக் காட்டுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதால், பழைய கையேடுகள் சொல்லும் அடர்பழுப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்த நிறம் வரும்வரை ரிச்சாக்கிக்கொண்டே போவது தவறு.

இரு வீச்சு வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை

யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 போன்ற இரு வீச்சு எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் வேண்டிய ஆயில் கலவையோடு சேர்ந்தே உள்ளே போகிறது. எனவே லீன் கலவை என்பது வெப்பம் கூடுவதோடு மசகும் குறைவதாகும். விளைவு, ஓட்டத்தின் நடுவே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்வது. உயர்வேகத்தில் எஞ்சின் ஒலி திடீரென்று மெலிந்து, இழுவை குறைவதாகத் தோன்றினால் உடனே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை மூட வேண்டும்.

ஆயில் பம்ப் உள்ள வண்டிகளில் அதன் கேபிள் ஆக்சிலேட்டரோடு இணைந்திருக்கும். ஆக்சிலேட்டர் கேபிளை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்தபின், பம்பில் உள்ள குறியீடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். எந்தத் திருகுக்கும் கட்டுப்படாமல் ஐட்லிங் ஏறி ஏறி இறங்கும் இரு வீச்சு வண்டியில், கிராங்கின் ஆயில் சீல் தேய்ந்து காற்று நுழைகிறதா என்று ஐயுற வேண்டும். அது பட்டறையில் எஞ்சினைப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை.

இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டி

யெஸ்டி 250இல் இரண்டு சைலன்சர் இருந்தாலும் சிலிண்டரும் கார்புரேட்டரும் ஒன்றே. இரு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர் கொண்டு, இங்கு எளிதில் நினைவுக்கு வரும் வண்டி, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட 347 சி.சி. ராஜ்தூத் 350. இதில் இரண்டையும் தனித்தனியே சரிசெய்வதோடு, இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழும்படி ஒத்திசைக்கவும் வேண்டும்.

1. இரு ஃப்ளோட் மட்டங்களும் ஜெட் எண்களும் கிளிப் பள்ளங்களும் ஒன்றுபோல் உள்ளனவா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.
2. ஏர் ஃபில்டர் இணைப்புகளைக் கழற்றி, இரு கேபிள்களையும் தளர்த்தி, ஒரே தடிமனுள்ள இரண்டு துரப்பண முனைகளின் வழுவழுப்பான தண்டுப் பகுதியை இரு ஸ்லைடுகளின் அடியிலும் நுழைத்து, இரண்டும் ஒரே அளவு உரசும்படி ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருக வேண்டும்.
3. துரப்பண முனைகளை எடுத்துவிட்டு, மெதுவாக ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது இரு ஸ்லைடுகளும் சேர்ந்தே எழுமாறு கேபிள்களைச் சரிசெய்ய வேண்டும். இரு விரல்களை இரு ஸ்லைடுகளின் மேல் வைத்தால், கண்ணைவிடத் தெளிவாக விரல் உணர்ந்துவிடும்.
4. எல்லாவற்றையும் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, இரு ஐட்லிங் ஸ்க்ரூக்களையும் எப்போதும் சம அளவில் மட்டுமே திருக வேண்டும்.
5. இறுதியில் ஆயில் பம்ப் குறியீட்டைச் சரிபார்க்க வேண்டும்.

ஒத்திசைவு பிசகிய வண்டியில் ஒரு சிலிண்டர் மற்றதை இழுத்துச் செல்வதால், ஒரு பிளக் கருத்தும் மற்றது வெளுத்தும் இருக்கும்.

எத்தனால், வெயில், மலை

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலுக்குத் தன் எடையைப்போல் 9 மடங்கு காற்றே போதும் என்பதால், இக்கலவைக்குத் தேவையான விகிதம் 14.7இலிருந்து சுமார் 13.5ஆகக் குறைகிறது, அதாவது பழைய ஜெட்டோடு ஓடும் வண்டி, தொழிற்சாலையில் வைத்ததைவிட லீனாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. மெயின் ஜெட்டை ஓரிரு அளவு உயர்த்துவதும் நீடிலை ஒரு பள்ளம் தூக்குவதும் பல வண்டிகளில் தேவைப்படும். பிளக்கைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் உப்பவைத்துச் சிதைக்கும்; காற்றின் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்க்கு ஆகும் செலவு சிறிது; கசிந்து பற்றும் தீயின் இழப்பு பெரிது.

கோடை நண்பகலில் சூடான காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் கலவை சற்று ரிச்சாகும். மார்கழி விடியலில் அதுவே லீனாகும். எனவே எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் சரிசெய்யப்பட்டது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். உயரத்தின் பாதிப்பு இதைவிடத் தெளிவானது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காடு, மொரப்பூர்ச் சமவெளியைவிடச் சுமார் 1 கி.மீ. உயர்ந்தது, அங்கு காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரிசெய்த வண்டி அங்கு சற்று ரிச்சாக, மந்தமாக ஓடும். அதனால் எஞ்சினுக்குத் தீங்கில்லை. ஆனால் மலைமேல் நிறுத்தி ஏர் ஸ்க்ரூவையும் நீடிலையும் லீனாக்கியவர், கீழிறங்கும் முன் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால், சமவெளி வெயிலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ள நேரும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் இரு வீச்சு வண்டிகள் மலையிறங்கும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலேட்டரை மூடியே எஞ்சின் பிடிப்பில் இறங்கினால், பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோக, வேகமாகச் சுழலும் பிஸ்டன் வறண்டுவிடும். இடையிடையே கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை ஒரு கணம் திறந்து மூடி, ஆயில் சேரச் செய்ய வேண்டும்.

வண்டியை நிறுத்தி வைக்கும்போது

பதினைந்து நாளுக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால், காக்கை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் எஞ்சியதையும் வடித்துவிட வேண்டும். கிண்ணத்தில் தேங்கும் பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின், முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான். நெடுநாள் நின்ற வண்டி சோக்கில் மட்டும் ஓடி, சோக்கை எடுத்தவுடன் அணைவதற்கு அதுவே காரணம். ஜெட் எண்கள், கிளிப் பள்ளம், ஏர் ஸ்க்ரூ சுற்று, சரிசெய்த நாள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, கருவிப் பெட்டியில் ஒட்டி வைத்தால், அடுத்த முறை கழற்றும்போது அந்த எண்களிலிருந்தே தொடங்கலாம்.